காரைக்குடி போன்ற ஊருக்கு ஐபிஎல், புரோ கபடி மாதிரி தேசிய லீக்குகள் வந்தால் நிலைக்குமா?

கேட்டவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு பொங்கலுக்கு மட்டும் ஊர்ப்பக்கம் வந்து போகிறவர் என்று நினைக்கிறேன். இங்கேயே இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

எங்களுக்கு ஒரு தடவை வந்தது. பெயர் மட்டும். 2016-ல் டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடங்கியபோது எட்டு அணிகளில் ஒன்று காரைக்குடி காளை, கேப்டன் பத்ரிநாத். ‘அது மாநில லீக்தானே, கேள்வி தேசிய லீக்கைப் பற்றியது’ என்று உடனே ஒருவர் வருவார். தெரியும் ஐயா. எங்கள் ஊர்ப் பெயரில் நடந்தது அது ஒன்றுதான், அதை வைத்துத்தானே பேச முடியும்?

ஆட்டங்கள் நடந்தது சேப்பாக்கத்திலும், நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும். காரைக்குடியில் ஒன்றுகூட இல்லை. சரி, நத்தமாவது பக்கம்தானே என்று அக்கா மகனையும் அவன் கூட்டாளிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். பையன்கள் முகத்தில் சாயமெல்லாம் பூசிக்கொண்டு ‘காளை, காளை’ என்று கத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திண்டுக்கல்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: “உங்க ஊர்ல எப்ப மேட்ச் வைக்கிறாங்க தம்பி?” இவன் என்னைப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, “மாமா, இவங்கள்ல யாரு நம்ம ஊரு?” என்றான். நான் சுண்டல் வாங்கப் போய்விட்டேன். மாநிலம் முழுவதற்குமாகச் சேர்த்து டிராஃப்ட் நடத்தி, அதாவது ஒரே பட்டியலிலிருந்து அணிகள் முறை வைத்து, ஆள் எடுத்த லீக் அது. 2023-லிருந்து ஏலத்தில் எடுக்கிறார்கள். எந்த அணியின் பெயரில் எந்த ஊர் இருக்கிறது என்பதற்கும் ஆடுகிற பையன் எங்கே வளர்ந்தான் என்பதற்கும் அதில் பெரிய சம்பந்தம் கிடையாது.

அப்புறம் 2021-ல் அதே அணி திருப்பூர் தமிழன்ஸ் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அழவில்லை, பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. 2025-ல் திருப்பூர் கோப்பையை வென்றபோது எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அணி நடத்தியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பணம், அவர்கள் கணக்கு.

ஆனால் நத்தத்தில் ஒன்றைப் பார்த்தேன். நத்தம் காரைக்குடியைவிடச் சின்ன ஊர். அங்கே ஆட்டம் வந்ததற்குக் காரணம் ஒழுங்கான ஆடுகளமும் இரவு விளக்கும் உள்ள மைதானம் இருந்ததுதான். லீக்கைத் தாங்குவது டிவி உரிமையும் விளம்பரமும்; டிக்கெட் காசு அதற்கப்புறம்தான். கேமராவுக்கு வெளிச்சமும் ஆட்டக்காரர்களுக்கு ஓட்டலும் வேண்டும். ஓட்டலுக்கு இங்கே குறைவில்லை, பழைய வீடுகள் எத்தனையோ ஓட்டலாகிவிட்டன. இல்லாதது மைதானம்தான். 2024-ல் மாநகராட்சி ஆன ஊருக்கு இதைக் கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய வீடுகள் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் சினிமா படப்பிடிப்பு என்று கேரவன்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். காஸ் வண்டி உள்ளே வர முடியாமல் சிலிண்டரைத் தெருமுனையிலிருந்து நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். படம் வந்த பிறகு பார்த்தால் எங்கள் தெருவை மதுரை என்று காட்டுகிறார்கள். கேட்க ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சென்னை சிட்டி கால்பந்து அணிக்குப் பெயர்தான் சென்னை. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடி 2018-19-ல் ஐ-லீக் என்கிற தேசியக் கால்பந்து லீக்கை வென்றது. கோவைக்காரன் கண்ணெதிரே ஆட்டம் பார்த்தான். பெயரைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை வேறு ஊரில் வைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ராஜ்கோட்டுக்கு ஐபிஎல் அணி வந்தது, 2016, 2017 இரண்டே வருடம். கொச்சி அணி 2011-ல் ஒரே சீசன். அந்த ஊர்களே இப்படி என்றால் எங்களுக்கு ஐபிஎல் கனவெல்லாம் வேண்டாம்.

கபடி வேறு கதை. இங்கே கிராமத்துக்குக் கிராமம் தலைக்கட்டு வரி போட்டு, திருவிழாவோடு விடிய விடிய ஆட்டம் நடத்துகிறார்கள். கூட்டத்தைக் கூட்ட விளம்பரம் வேண்டாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான், நல்ல உள்ளரங்கம் ஒன்று போதும். ஆனால் புரோ கபடியே 2024-ல் ஐதராபாத், நொய்டா, புனே மூன்று ஊர்களில் மட்டும் நடந்தது. நம் மாநிலத்து அணியான தமிழ் தலைவாஸ் அந்த வருடம் சென்னையிலேயே ஆடவில்லை. அதனால் தனி அணி கேட்பதை விடுங்கள். தலைவாஸ் ஆட்டம் ஒரு வாரம் இங்கே நடக்கட்டும், அதற்கு முன்னால் உள்ளரங்கம் வரட்டும். ஆட்டம் ராத்திரி முடியும்போது கல்லலுக்கும் தேவகோட்டைக்கும் கடைசி பஸ் இருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டால், டிக்கெட் விற்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.