கிரேடிங்குக்கு கார்ட் அனுப்ப முதல்: கேள்வி பதில்

கார்ட் கிரேடிங், அதாவது சேகரிப்புக் கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை இலக்கம் போடுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் பிஎஸ்ஏ என்கிற அமெரிக்கக் கிரேடிங் நிறுவனம் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து: அண்ணன், அனுப்ப முதல் கார்டைத் துடைத்து மினுக்க வேணுமா?

மினுக்கவே வேண்டாம் தம்பி. தூசு இருந்தால் மூக்குக்கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட், மெழுகு எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஓரத்து வெள்ளையை மார்க்கரால் மறைத்தாலும் மூலையைச் சீவினாலும், திருத்திய கார்ட் என்று பிடிபட்டால் இலக்கமே கிடைக்காது. தயார்படுத்துவது என்றால் முக்கால்வாசி உற்றுப் பார்க்கிற வேலைதான்.

கல்முனையிலிருந்து: எதை எல்லாம் பார்க்க வேணும்?

சென்டரிங் (படம் கரைகளுக்குச் சரி நடுவில் இருக்கிறதா என்பது), மூலை, ஓரம், மேற்பரப்பு. அறை லைட்டை அணைத்துவிட்டு போன் டோர்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில் படுக்கப் பிடியுங்கள். கார்டை மெல்லச் சரித்தால், நேரே பார்க்கையில் தெரியாத நகக்கீறலும் அச்சுக்கோடும் சின்னப் பள்ளமும் எழும்பி நிற்கும். போக்கிமொன் என்றால் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவேன். அந்த நீல ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிகூடத் தப்பாது.

சென்டரிங்குக்கு அடிமட்டம் போதும். இடப்பக்கக் கரை 2.7 மில்லிமீற்றர், வலப்பக்கம் 3.3 என்றால் 45க்கு 55. முன்பக்கத்தில் அதுதான் 10க்கு எல்லை. 2025 வரை 60க்கு 40 வரை விட்டார்கள், இப்போது இறுக்கிவிட்டார்கள். பின்பக்கத்துக்கு 75க்கு 25 வரை இடம் உண்டு. மேல் கீழையும் அளக்க மறக்காதீர்கள், பலர் இடம் வலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: மாரி தொடங்கினால் என் ஹோலோ கார்டுகள் (மினுங்கும் ஃபாயில் பூசியவை) எல்லாம் வளைகின்றன. அயன் பிடிக்கலாமா?

ஐயோ, வேண்டாம்! கடதாசி ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேலே உள்ள ஃபாயில் விரிவதில்லை. அதனால் ஓரங்கள் படத்தின் பக்கமாக எழும்புகின்றன. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில நாள் வையுங்கள், தானாகப் படியும். நாளுக்கு ஒருமுறை பாருங்கள், கூடக் காய்ந்தால் மறுபக்கம் வளையும். கச்சான் காற்றுக் காலத்தில் சிலருக்கு நடப்பதும் இதுதான். வாவிக்கரை வீடு என்றால் கார்டுகளைச் சுவரோரம் வைக்க வேண்டாம்.

அம்பாறையிலிருந்து: டொப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினால் பாதுகாப்புத்தானே?

வீட்டில் வைக்க நல்லது. பிஎஸ்ஏக்கு அனுப்ப வேண்டாம், வெளியே எடுக்கும்போது மூலை அடிபடலாம். முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அப்புறம் கார்ட் சேவர் என்கிற, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற உறை. உள் உறையின் வாயில் சின்ன ஒட்டுத்தாள் ஒன்றை நாக்குப் போல நீட்டிவிட்டால் எடுப்பவருக்கு லேசு. அடுக்கை இரண்டு கடதாசி மட்டைக்கு நடுவில் வைத்து றப்பர் பாண்ட் போடுங்கள். அடுக்கு அசையக்கூடாது, அதே நேரம் றப்பர் மட்டையை வளைக்கிற அளவுக்கு இறுக்கவும் கூடாது.

வாழைச்சேனையிலிருந்து: 1996 உலகக் கிண்ண நேரம் அப்பா சேர்த்த கிரிக்கெட் கார்டுகள், அல்பத்தில் பசையால் ஒட்டியிருக்கின்றன. பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள் தங்கச்சி. பின்பக்கக் கடதாசி உரிந்தால் இலக்கம் அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்பாவின் அல்பம் அப்படியே இருப்பதுதான் அழகு என்பது என் எண்ணம்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: கனடாவில் இருக்கிற மாமா லீவில் வருகிறார். அவரிடம் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். கைப்பையில்தான் கொண்டுபோகச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். கொடுக்க முதல் ஒவ்வொரு கார்டையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, பட்டியல் ஒன்றும் எழுதி வையுங்கள். படிவத்தில் போடுகிற பெறுமதிக்குத் தகுந்தபடிதான் கட்டணம் மாறும், அதை அவரோடு முதலே பேசி முடிவெடுங்கள். பிஎஸ்ஏ கலிபோர்னியாவில் இருக்கிறது, அங்கிருந்து திரும்பி வரும் தபால் செலவும் காப்புறுதியும் உங்கள் பொறுப்பு.

அதே களுவாஞ்சிகுடித் தம்பி: நூறு கார்ட் இருக்கு, எல்லாவற்றையும் அனுப்பவா?

9 வந்தாலும் கட்டணத்தையும் தபால் செலவையும் தாண்டி மிஞ்சுகிற கார்டை மட்டும் அனுப்புங்கள். 10 வந்தால்தான் கட்டுபடியாகும் என்கிற கார்டை வீட்டிலேயே வைத்திருங்கள்.