குளிர்காலம் முழுக்கப் படகில் கிடக்கும் டீசல்: எச்.வி.ஓ. வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். கால்வாயில் ஓட்டும் பழைய நேரோபோட் (ஒடுக்கமான நீளப் படகு) ஒன்று வாங்கினோம். டேங்க் 150 லிட்டர். அக்டோபரில் கட்டிவைத்தால் ஏப்ரலில்தான் எடுப்போம். இந்த வருடம் ஃபில்டரில் கறுப்பாக வழவழவென்று ஏதோ அடைத்து, பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. "எச்.வி.ஓ. ஊற்றுங்கள், சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் டீசல், பத்து வருடம் கெடாது" என்கிறார் டீசல் விற்பவர். விலையும் கூடுதல். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் டேங்கைச் சுத்தம் செய்யுங்கள்.

நீங்கள் பார்த்த கறுப்பு வழவழப்பு பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்தது. டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில்தான் அவை வளரும். ஒரு கைப்பம்பின் குழாயை டேங்க் அடிவரை விட்டுக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடி ஜாடியில் ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் கீழே தண்ணீர், மேலே டீசல், நடுவில் பால் ஆடை மாதிரி பழுப்பாக ஒரு படலம் தெரிந்தால், எந்த எரிபொருளை ஊற்றினாலும் அதுவும் கெட்டுத்தான் போகும்.

ஐரோப்பியத் தரப்படி சாதாரண டீசலில் 7 சதவீதம் வரை பயோடீசல் (தாவர எண்ணெய், கொழுப்பிலிருந்து வேறு முறையில் செய்யும் எரிபொருள்) இருக்கலாம். அது ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், கிருமிக்கும் நல்ல தீனி. எச்.வி.ஓ. அப்படியல்ல. பழைய சமையல் எண்ணெய் போன்றவற்றை ஹைட்ரஜனோடு சேர்த்து, ஆக்ஸிஜனை நீக்கிச் செய்வது. இது ஈ.என். 15940 என்ற ஐரோப்பியத் தரத்தில் வருவது, இதில் பயோடீசல் கிடையாது. அதனால்தான் நெடுநாள் தாங்குகிறது. ஆனால் பத்து வருடக் கணக்கெல்லாம் டேங்க் சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால்தான். தண்ணீர் நின்றால் எச்.வி.ஓ.விலும் கிருமி வளரும்.

வாங்கும்போது ஈ.என். 15940 சான்றைக் கேளுங்கள். நூறு சதவீத எச்.வி.ஓ.வா, கலப்பா என்றும் கேளுங்கள். சாதாரண டீசலோடு கலந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நெடுநாள் தாங்கும் குணம் குறைந்துவிடும், கொடுத்த கூடுதல் காசு வீண். உங்கள் இன்ஜின் கம்பெனி இதற்கு அனுமதி தந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் பழையது என்றால் இன்னொன்று: வருடக்கணக்கில் சாதாரண டீசலில் ஊறி உப்பிய ரப்பர் சீல்கள், எச்.வி.ஓ.வுக்கு மாறியதும் சுருங்கிக் கசியலாம். முதல் சில நாள் டீசல் பம்ப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

கோடையில் டேங்க்கின் பெரும்பகுதியை ஓட்டித் தீர்ப்பவர் என்றால், என் கருத்தில் பயோடீசல் கலக்காத டீசலே போதும். படகுத்துறையில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு மேல் டீசல் அப்படியே கிடக்கும் என்றால் எச்.வி.ஓ.வுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

எதை ஊற்றினாலும், அக்டோபரில் டேங்க்கைக் கிட்டத்தட்ட நிரப்பிவைத்துவிட்டுப் போங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வேர்ப்பதும் குறையும். அப்புறம் மேல்தளத்தில் இருக்கும் டீசல் மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) மாற்றுங்கள். அது வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.