தொழிற்சாலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போன பிறகு மேற்கத்திய நாடுகள் எதில்தான் சம்பாதிக்கின்றன?

சட்டை வங்கதேசத்தில் தயாராகிறது, ஷூ வியட்நாமில், போன் சீனாவில். அப்புறம் அமெரிக்காவும் பிரிட்டனும் எப்படி இன்னும் பணக்கார நாடுகளாகவே இருக்கின்றன என்பது கேள்வி.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவன். ஆனால் பாதி விடை எங்கள் விலைக் கணக்குத் தாளான காஸ்டிங் ஷீட்டிலேயே இருக்கிறது.

சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஒன்று லண்டன் கடையில் 12 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றிவிடும் வரைக்குமான விலை, இரண்டரை பவுண்டு கிடைத்தால் நல்ல ஆர்டர். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை, முதலாளி லாபம் எல்லாம் அதற்குள்தான். பிரிட்டனில் பெரியவர்கள் உடைக்கு 20 சதவீதம் வாட். (குழந்தைகள் உடைக்குக் கிடையாது.) அப்படியானால் 12 பவுண்டில் 2 பவுண்டு அந்த அரசாங்கத்துக்கு. இத்தனை பேர் இங்கே பாடுபட்டு வாங்குவதற்குக் கொஞ்சம்தான் குறைவாக, பில் போடும் இடத்திலேயே வரியாகப் போய்விடுகிறது.

மிச்சம் ஏழரை பவுண்டு. கப்பல் கூலியும், இறக்குமதி வரி இருந்தால் அதுவும் போக, கடை வாடகை, விற்பனைப் பெண்ணின் சம்பளம், கிடங்கு, விளம்பரம், டிசைனர், பிராண்டின் லாபம் என்று பெரும்பகுதி பிரிட்டனின் ஜிடிபி-யில்தான் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) ஏறும். 'மேட் இன் இந்தியா' லேபிள் குத்திய துணியில் இந்தியாவை விட பிரிட்டனுக்குத்தான் வருமானம் அதிகம்.

எங்களுக்கு வரும் அந்த இரண்டரையிலும் மேற்கத்திய நாடுகளுக்குப் பங்கு உண்டு. நிட்டிங் மெஷினில் ஓடும் ஊசிகளில் பெரும் பெயர் க்ரோஸ்-பெக்கர்ட். ஜெர்மனியில் ஆல்ப்ஸ்டாட் என்ற சின்ன ஊர்க் கம்பெனி. பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேருக்குப் பேர்போன கெர்பரை 2021-ல் பிரான்சின் லெக்ட்ரா வாங்கிவிட்டது. துணி சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று சோதித்து ரிப்போர்ட் தரும் லேப்களுக்குத் தலைமையகம் ஜெனீவாவிலோ லண்டனிலோ பாரிசிலோ இருக்கும். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், கலரைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார். பான்டோன் என்ற கம்பெனி ஒவ்வொரு நிறத்துக்கும் கொடுத்திருக்கும் நம்பரைத்தான் அனுப்புவார். சாயம் போடும் டையிங் யூனிட் அந்த நம்பருக்கான துணி மாதிரியைக் காசு கொடுத்து வாங்கி, அதே நிறம் வரும்படி சின்னத் துணியில் சாயம் போட்டுப் பார்த்து (இதுதான் லேப் டிப்) ஒப்புதல் வாங்க வேண்டும். மாதிரி வெளிறிப் போனால் திரும்ப வாங்க வேண்டும். நிறத்துக்கு நம்பர் போட்டு உலகம் முழுக்கக் காசு பார்க்கும் அந்தக் கம்பெனி நியூஜெர்சியில் இருக்கிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத வியாபாரம் இது.

போனிலும் இதே கதை. 2010-ல் விற்ற ஐபோனைப் பிரித்துக் கணக்குப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், விற்பனை விலையில் ஏறத்தாழ 58 சதவீதம் ஆப்பிளுக்கு லாபமாகவும், 2 சதவீதத்துக்கும் குறைவாகவே சீனத் தொழிலாளர் கூலியாகவும் போனதாகச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் பிராசஸர் அடிப்படை வடிவமைப்பில் கேம்பிரிட்ஜின் ஆர்ம் கம்பெனியைச் சார்ந்தது. அந்தக் கம்பெனி பல ஆண்டுகள் ஒரு சிப்பைக்கூடத் தயாரித்து விற்காமல், வரைபடத்துக்கு லைசென்ஸ் தொகையும் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டியும் வாங்கியே வளர்ந்தது. இப்படிக் காப்புரிமை, பிராண்ட், மென்பொருள் உரிமம் வகையில் மட்டும் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து ஆண்டுக்கு 12,000 கோடி டாலருக்கு மேல் வருகிறது.

ஏற்றுமதி என்றாலே நமக்குப் பெட்டியும் கன்டெய்னரும்தான் ஞாபகம் வரும். வீட்டை அடமானம் வைத்துப் பையனை எம்எஸ் படிக்க அனுப்புகிறோமே, அந்த ஃபீஸும் அங்கே ஆகும் சாப்பாட்டுச் செலவும் அமெரிக்கக் கணக்கில் சேவை ஏற்றுமதி. 2023-24-ல் அங்கே இருந்த இந்திய மாணவர்கள் 3.3 லட்சம் பேர், சீனாவை முந்திவிட்டோம். லண்டனுக்கு வங்கி, காப்பீடு, சட்டம். உலக அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் 38 சதவீதம் பிரிட்டன் என்ற ஒரே நாட்டில் நடப்பதாக 2022 கணக்கு.

இதற்காக அங்கே எல்லாரும் நம்மிடம் சம்பாதித்துத்தான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மொத்த இறக்குமதியே ஜிடிபி-யில் 14 சதவீதம் அளவுதான். நர்ஸ், பிளம்பர், வாத்தியார், சமையல்காரர் என்று பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் வேலை செய்து ஒருவரிடம் ஒருவர் சம்பாதிக்கிறார்கள். உற்பத்தியையும் முழுசாக விட்டுவிடவில்லை. மலிவானதை வெளியே தள்ளிவிட்டு விமான எஞ்சின், மருந்து, சிப் தயாரிக்கும் இயந்திரம் போன்றவற்றைக் கையில் வைத்துக்கொண்டார்கள். மிக நுண்ணிய சிப்களின் சர்க்யூட்டை ஒளியால் அச்சிடும் இயுவி இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான். உற்பத்தி மதிப்பில் சீனாவுக்கு அடுத்த இடம் இன்றும் அமெரிக்காவுக்கு.

இன்னொன்று, எல்லாமே சம்பாத்தியமும் இல்லை. அமெரிக்காவுக்குச் சேவைகளில் ஆண்டுக்கு 25,000 கோடி டாலருக்கு மேல் உபரி. பொருட்களிலோ ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. அந்த ஓட்டையை அரசுப் பத்திரம், கம்பெனிப் பங்கு, நிலம் என்று வெளிநாட்டாருக்கு விற்று அடைக்கிறார்கள். டாலரை உலகம் கேட்டு வாங்கும் வரை ஓடும்.

இந்தப் பணம் போய்ச் சேரும் இடமும் முக்கியம். 2000-க்கும் 2010-க்கும் இடையில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ராயல்டி கலிஃபோர்னியாவுக்கு வந்தது; வேலை போனவர் வட கரோலினாவில் மரச்சாமான் ஃபேக்டரியில் இருந்தவர். அவருக்குக் கிடைத்ததெல்லாம் மலிவு விலை டி-ஷர்ட். இங்கிலாந்தில் லெஸ்டரும் ஒரு காலத்தில் நம் ஊர் மாதிரி பின்னலாடை நகரம்தான். அங்கேயிருந்த ஆர்டர்கள்தான் ஆசியா பக்கம் வந்தன; எங்கள் வீட்டு அடுப்பு எரிவதிலும் அதற்குப் பங்குண்டு என்பதால் நான் ரொம்ப நியாயம் பேச முடியாது.

இப்போது மேற்கத்திய நாடுகளுக்கு உண்மையான உதறல், ஆன்லைனில் மலிவு உடை விற்கும் ஷீன் மாதிரி கம்பெனிகளால்தான். குவாங்ஜோ தையல்கூடத்திலிருந்து நேராக டெக்சாஸ் வீட்டு வாசலுக்குப் பார்சல். நடுவில் அமெரிக்க பிராண்டும் இல்லை, கடையும் இல்லை. நான் மேலே சொன்ன ஏழரை பவுண்டில் பெரும்பகுதி சீனாவுக்கே போய்விடுகிறது. 800 டாலர் வரைக்குமான பார்சலுக்கு வரி இல்லை என்று இருந்த சலுகையைச் சீனச் சரக்குக்கு 2025 மே மாதம் அமெரிக்கா நிறுத்தியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.