மச்சானிடம் பிளஃப் பலிக்குமா?

கே: நண்பர்களோடு போக்கர் (பந்தயம் கட்டி ஆடும் சீட்டாட்டம்) ஆடுகிறேன். ‘அடித்து ஆடினால்தான் ஜெயிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னார். எல்லாக் கையிலும் ரெய்ஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை ஏற்றினேன். சிப்ஸ் (பந்தய வில்லைகள்) காலி. அவர் சொன்னது தப்பா?
– கல்லூரி மாணவர், கோவை

ப: தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். அடித்து ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். முக்கால்வாசி நேரம் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் அவர்கள் ரெய்ஸுக்கு மரியாதை. ஓயாமல் ஏற்றினால், ‘இவன் இப்படித்தான்’ என்று எதிராளி நல்ல சீட்டோடு காத்திருப்பார்.

2003 லாஸ் வேகாஸ் உலகப் போட்டியின் கடைசிக் கட்டத்தைச் சொல்கிறேன். 839 பேரில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டென்னசி கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!). மற்றவர் சாமி ஃபர்ஹா, பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர். மணிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜாவும் ஆட்டின் (ஹார்ட்) ஏழும். ஃபர்ஹாவிடம் ஸ்பேடு ராணி, ஆட்டின் ஒன்பது. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, ஸ்பேடு ஆறு. நாலாவதாக ஸ்பேடு எட்டு.

ஒன்பது ஜோடி சேர்ந்த ஃபர்ஹா பந்தயம் கட்ட, மணிமேக்கர் ஏற்றினார். அவர் கையில் அப்போது ஒன்றுமே இல்லை. ஆனால் வழி இருந்தது: மீதி 44 சீட்டில் 14 அவருக்கு ஃப்ளஷோ (ஒரே ஜாதிச் சீட்டு ஐந்து) ஸ்ட்ரெய்ட்டோ (வரிசையாக ஐந்து) தந்திருக்கும், மூன்று ராஜாக்களில் ஒன்று வந்தாலும் ஃபர்ஹாவை முந்தியிருப்பார். எதிராளி பயந்து விலகினால் லாபம், விலகாவிட்டாலும் வாய்ப்பு பாக்கி. வெறுங்கையோடு நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டி ஏற்றுவது பிளஃப்; இப்படி வழியும் வைத்துக்கொண்டு ஏற்றினால் செமி-பிளஃப் என்று பெயர். நீங்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

ஃபர்ஹா விலகவில்லை. கடைசிச் சீட்டு ஆட்டின் மூன்று, யாருக்கும் பிரயோஜனமில்லை. ஃபர்ஹா பந்தயம் கட்டாமல் ‘செக்’ என்றதும் மணிமேக்கர் இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்து, ஜெயித்திருக்கக்கூடிய சீட்டைப் போட்டுவிட்டு விலகினார். கடைசியில் பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்கு.

துணிச்சல் மட்டும் போதுமா என்றால், இல்லை. நடுவில் மூன்று ஸ்பேடு கிடந்ததால், ஃப்ளஷ் இருப்பதுபோல் அவர் காட்டிய பொய்யை நம்ப முடிந்தது. அவர் ஃபர்ஹாவுக்குப் பிறகு ஆடுகிற இடத்தில் இருந்ததால் அந்த ‘செக்’கைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தார். எல்லாவற்றையும்விட, ஒரு ஜோடியைத் தூக்கிப் போடத் தெரிந்த ஆள் எதிரில் இருந்தார்.

என் மச்சான் இருக்கிறாரே, இரண்டு ஜோடி கிடைத்துவிட்டால் பூகம்பமே வந்தாலும் சீட்டைப் போட மாட்டார். அவரிடம் மணிமேக்கரே வந்தாலும் பிளஃப் பலிக்காது. அப்படிப்பட்டவரிடம் நல்ல சீட்டு வரும்போது மட்டும் பெரிதாகக் கட்டுங்கள், தானே கொடுப்பார்.

கணக்கு ஒன்று. நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை 100 ஆக இருக்கும்போது வெறுங்கையோடு 100 கட்டினால், இரண்டுக்கு ஒரு முறை எதிராளி விலகினால்தான் கட்டுபடியாகும். 50 கட்டினால் மூன்றுக்கு ஒரு முறை போதும். ஏற்றுவதற்கு முன் ‘இவர் அத்தனை தடவை விலகுவாரா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் சீட்டைப் போட்டுவிடுங்கள்.

கே: நீங்கள் பணம் வைத்து ஆடுவதுண்டா?
– இல்லத்தரசி, திருச்சி

ப: புளியங்கொட்டைதான். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதற்கு முன்பும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. மச்சான் மட்டும் ஜெயித்த கொட்டைகளை டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறார். எதற்கென்று அக்கா கேட்டாயிற்று, பதில் இல்லை.