பரணில் கிடக்கும் அப்பாவின் துப்பாக்கி

கேள்வி: எங்கள் ஊர் அஞ்செட்டிப் பக்கம். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த, வெடிமருந்தைக் குழாயில் இடித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். லைசென்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்துவிட்டது. உடம்பு முடியாமல் கிடந்ததால் புதுப்பிக்கவில்லை. இப்போது பரணில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. ராகி கதிர் வாங்கும் நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போகிறது. துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றிப் பயன்படுத்த முடியுமா? சித்தப்பா வீட்டில் இன்னொன்று இருக்கிறது, அதற்குக் காகிதமே கிடையாது. அதை என்ன செய்வது?

பதில்: முதலில் பரணில் இருப்பதைப் பார்ப்போம், அவசரம் அதில்தான். நிலமும் வீடும் வாரிசுக்கு வருவதுபோலத் துப்பாக்கி லைசென்ஸ் வராது. அது அப்பா என்ற ஆளுக்குக் கொடுத்தது. உங்கள் விஷயத்தில் அவர் இருக்கும்போதே காலாவதியும் ஆகிவிட்டது. அப்படி ஆன துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. "சுடவே இல்லையே சார், சும்மா கிடக்குது" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சுட்டால் அது தனிக் கணக்கு. முன்பு இதற்கு 1 முதல் 3 வருடம் வரை சிறை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதைக் குறைந்தது 2, அதிகபட்சம் 5 வருடம் என்று ஏற்றிவிட்டது. அபராதம் தனி.

ஒப்படைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சாக்கோடு பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வழியில் சோதனையில் நிறுத்தினால் "கொடுக்கத்தான் போறேன்" என்பதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. முதல் நாள் துப்பாக்கி இல்லாமல் போங்கள். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, இன்ன துப்பாக்கி இன்ன காரணத்தால் வீட்டில் இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறேன் என்று எழுதிய மனு, மூன்றும் கையில் இருக்கட்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். சில நேரம் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையோ வக்கீலையோ கூட வைத்துக்கொண்டால் பேச்சு சுலபமாகும்.

இன்னொன்று, அந்தக் குழாய்க்குள் பழைய மருந்தும் ரவையும் அப்படியே இருக்கலாம். கடைசியாகக் கெட்டித்து வைத்தவர் அப்பா, அவரைக் கேட்க முடியாது. கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பது, வெயிலில் காய வைப்பது, பையன்கள் எடுத்துக் குறி பார்ப்பது எதுவும் வேண்டாம். மருந்து இருக்கிறதா என்று தெரியாது என மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய குழாயில் எண் துருவில் மறைந்திருக்கும். மேலே சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் வெட்டிய இடத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். சில வருடம் முன்பு பென்னாகரம் பக்கமிருந்து வந்த ஒருவருக்கு எண்ணில் ஓர் இலக்கம் புத்தகத்தில் 3, குழாயில் 8. எப்போதோ புதுப்பிக்கும்போது யாரோ பார்த்து எழுதியதில் வந்த பிசகு. அதைச் சரி செய்ய எட்டு மாதம் அலைந்தார். ரசீது வாங்கும்போதே எண்ணைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, பெயர் மாற்றம். உண்மையில் 'மாற்றம்' என்று எதுவும் இல்லை, உங்கள் பெயரில் புது லைசென்ஸ் கேட்பதுதான். இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்க 2016ஆம் வருட ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். வாரிசுச் சான்று, அம்மாவும் உடன்பிறந்தவர்களும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, இவ்வளவும் சேர்த்து ஆன்லைனில் பதிந்து கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அப்புறம் போலீஸ் விசாரணை. உங்கள் மேல் ஒரு சின்ன அடிதடி வழக்கு நிலுவையில் இருந்தாலும் அறிக்கை அங்கேயே நின்றுவிடும்.

சட்டம் விவசாயிக்கு எதிரானது என்று சொல்ல மாட்டேன். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து இடிக்கும் துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்றுதான் 13ஆவது பிரிவு சொல்கிறது. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆகாது என்று கருதினால் அடுத்த பிரிவின்படி மறுக்கலாம். அதற்குக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது. மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

ஆனால் உங்கள் ஊர் அஞ்செட்டி. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்த்தால் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவைப் பலர் படித்ததில்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதுத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பதாக இருந்தால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்கிறது அது. அந்த எல்லைக்குள் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரும், சரணாலயம் அறிவித்த 3 மாதத்துக்குள் பெயரைப் பதிந்துகொள்ள மனு போட்டிருக்க வேண்டும். வாரிசுக்குத் தருவதும் புதுப் பெயரில் தருவதுதான் என்பதால் உங்கள் மனுவிலும் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். அப்பா பதிந்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள், உதவும்.

இவ்வளவையும் தாண்டி லைசென்ஸ் கைக்கு வந்தாலும் பன்றியைச் சுட முடியாது. ஆயுதச் சட்டம் கொடுப்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் அனுமதி. காட்டு விலங்கைக் கொல்ல அனுமதி தருவது வேறு சட்டம், வேறு அதிகாரி. வன உயிரினச் சட்டத்தில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தபட்சமே 3 வருடம். பயிரை அழிக்கும் பன்றிகளுக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முறை கொண்டுவந்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். அதையும் சுடப்போவது வனத்துறையினர், விவசாயி இல்லை. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்று வன உயிரினச் சட்டம் சொல்கிறதுதான். ஆனால் அந்த நேரத்தில் நீங்களே அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வேட்டைக்கு உட்கார்ந்தபோது யானை துரத்தியது என்பவருக்கு அது பொருந்தாது.

என் கருத்தைக் கேட்டால், பன்றிக்காக இந்த லைசென்ஸின் பின்னால் அலையாதீர்கள். அப்பாவின் பொருள், வீட்டில் இருக்கட்டும் என்ற பிரியம் இருந்தால் மனு போடுங்கள். அப்படிக் கிடைத்தாலும் தேர்தல் வரும்போது ஸ்டேஷனில் கொடுத்து வைக்கச் சொல்லி ஆள் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

"என் நிலத்தைக் காக்க எனக்கு உரிமை இல்லையா" என்று கேட்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே 1791இலிருந்தே ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சாசனத்தில் எழுதிய உரிமை. இங்கே அப்படி இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. குடகில் மட்டும் கொடவ சமூகத்தாருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நிலவுரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் வைத்தவர்கள் சிலர் அது கர்நாடகம் முழுவதற்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய காலத்திலிருந்து அந்த மக்களுக்கு மட்டும் தொடரும் சலுகை, அவ்வளவுதான்.

சித்தப்பா வீட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். பட்டறையில் அடித்த நாட்டுத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். தயாரித்தவர் பெயரும் எண்ணும் பொறிக்காத துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்ற பேச்சே எழாது. "இருபதாயிரம் கொடுங்க, பேப்பர் ரெடி பண்ணித் தரேன்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மலை கிராமங்களில் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது, தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பார்கள். அப்படி ஒன்று நடப்பில் இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் சித்தப்பாவுக்கு நல்லது. இல்லையென்றால் வக்கீல் மூலமாகப் பேசிவிட்டு ஒப்படைக்கட்டும். கிணற்றில் போடுவது, ராத்திரி கொண்டுபோய் ஏரிக்கரையில் வைப்பது வேண்டாம். யாராவது எடுத்துச் சுட்டுவிட்டால் விசாரணை சுற்றிவந்து அவர் வாசலில்தான் நிற்கும்.

துப்பாக்கி போனால் மின்வேலி, இல்லையென்றால் அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி) என்று போகாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு என்று போட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் கைதானார்.

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பன்றி வந்துபோன காலையில், நிலத்தைச் சரி செய்வதற்கு முன், குளம்படியும் சாய்ந்த கதிரும் ஒரே படத்தில் வருவதுபோல போனில் எடுத்துவிடுங்கள். அன்றைக்கே விஏஓவையும் வனக்காப்பாளரையும் வரவழைத்துக் காட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால், உழுத நிலத்தில் நான் எதைப் பார்ப்பது என்றுதான் கேட்பார்கள்.