பல்லை எண்ணிவிட்டு சென்சார் வாங்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். 390 பைக் என்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டி, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறோம். ஓட்டத் தகவல்களைப் பதிவுசெய்யும் டேட்டா லாக்கருக்கு ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) வேண்டும் என்று என்ஜினின் கிராங்க் தண்டில் 24 பல் சக்கரம் மாட்டி, உலோகம் அருகே வந்தால் உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஒன்று வைத்தோம். 2000 வரை ஒழுங்காகக் காட்டுகிறது. அதற்கு மேல் எண் தாறுமாறாகக் குதிக்கிறது. சென்சாரின் டேட்டா ஷீட்டையும் அனுப்பியிருக்கிறோம். ஹால் சென்சார் வாங்கவா, மேக்னடிக் பிக்கப் வாங்கவா?

பதில்: தம்பிமாரே, 2000 வரை சரி என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாளில் ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி 800 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. நொடிக்கு 800 தடவைக்கு மேல் அதனால் எண்ண முடியாது. 800-ஐ 24 பல்லால் வகுத்தால் நொடிக்கு 33 சுற்று, நிமிஷத்துக்கு 2000. உங்கள் என்ஜின் 9000-ல் ஓடும்போது நொடிக்கு 3600 பல் கடந்துபோகும். சென்சாரில் பழுதே இல்லை. அதற்கான இடம் அது இல்லை.

பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் 14 வருஷம் பராமரிப்பு பார்த்தவன் நான். அங்கே இந்த ப்ராக்ஸிமிட்டிதான் எங்கள் கண். ஆடிக் காற்றிலும் மெயின் ஷாஃப்ட் நிதானமாகத்தான் சுற்றும். போல்ட் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கும், ஏமாற்றாது. என்ஜின் பக்கம் வேகம் மட்டுமில்லை, சூடும் சேருகிறது. இந்த ரகம் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல் தாங்காது.

பல்லைக் குறைத்து ஒன்றே ஒன்று வைத்தால் போதுமே என்று தோன்றும். அந்தப் பல் குறுகலாக இருந்தால் சென்சார் முன்னால் அது நிற்கும் நேரம் முன்பு போலவே கொஞ்சம்தான். அதையும் தவறவிடும்.

மேக்னடிக் பிக்கப் சைக்கிள் டைனமோ மாதிரி. இரண்டே வயர், வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம், சூட்டுக்கும் அஞ்சாது. ஆனால் வேகமாகச் சுற்றினால்தான் வோல்ட்டேஜ் வரும். செல்ஃப் அடிக்கும்போது சொற்பம், 9000-ல் ஏகப்பட்டது. அந்த அலையைச் சதுரமாக்கித் தர தனி சர்க்யூட் இல்லையென்றால் சாதாரண லாக்கர் திணறும். உங்களுக்கு ஹால்தான் என் சிபாரிசு. காந்தப்புலத்தை உணர்கிற சென்சார் அது. மூன்று வயர், மெதுவாகச் சுற்றினாலும் ஒரே அளவு சிக்னல். வாங்கும்போது பின்பக்கம் காந்தம் வைத்த, இரும்புப் பல்லைப் படிக்கிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் ஹால் சென்சார் என்றால் சக்கரத்தில் காந்தம் ஒட்டவேண்டி வரும். 9000 சுற்றில் அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆபத்து. வெப்பத் தாங்குதிறன் 125 டிகிரிக்குக் குறையாமல், ஃப்ரீக்வென்சி 10,000 ஹெர்ட்ஸாவது இருக்கட்டும். அவுட்புட் ஓபன் கலெக்டர் (தானாக வோல்ட்டேஜ் தராமல், சிக்னலைக் கீழே மட்டும் இழுக்கும் ரகம்) என்றால் சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அது இல்லாமல் சிக்னலே வரவில்லை என்று நல்ல சென்சாரைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லுக்கும் சென்சார் முகத்துக்கும் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு எல்லாப் பல்லிலும் பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் சக்கரம் கோட்டம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எதையும் வாங்குமுன் ஒன்று. உங்கள் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேன் லைன் எனும் டேட்டா வயரில் ஆர்பிஎம் அனுப்புகிறதென்றால், லாக்கரும் கேன் படிக்குமென்றால், அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சென்சாரே வேண்டாம். ஆனால் என்ஜினின் சொந்த கிராங்க் பிக்கப் வயரில் மட்டும் ஒட்டுப் போடாதீர்கள். நான் பையன்கள் சிலருடைய கோ-கார்ட்டில் அப்படிச் செய்தேன். லாக்கர் அந்தச் சிக்னலை இழுத்துப் பலவீனமாக்கிவிட்டது. ஸ்டார்ட் ஆகவே முக்கியது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் மிஸ்ஃபயர். வயரைக் கழற்றிய நிமிஷம் பழையபடி ஓடியது. அன்று முழுநாள் ஓட்டமும் போச்சு, அந்தப் பையன்கள் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

சென்சாரிலிருந்து வருகிற வயர் ஷீல்டு போட்டதாக, இக்னிஷன் காயிலுக்கும் பிளக் வயருக்கும் எட்டி வரட்டும். ஷீல்டை லாக்கர் பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய ப்ராக்ஸிமிட்டியை எறிந்துவிடாதீர்கள். பின் சக்கர டிஸ்க்கின் போல்ட் தலைகளுக்கு எதிரே பொருத்துங்கள். சக்கரச் சுற்றளவு 1.6 மீட்டர், போல்ட் ஆறு என்றால், 100 கிலோமீட்டர் வேகத்திலும் நொடிக்கு 104 எண்ணிக்கைதான். அங்கே அது தாராளமாக வேலை பார்க்கும்.