களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்: மழைக்கு முன்னால் போட்டுவிடலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: தரை வீடு, பின்முற்றம் முழுக்கக் களிமண், குளிர் நாடுகளில் பனி விழுமுன் செயற்கைப் புல் போட்டுவிடச் சொல்கிறார்களே, சிங்கப்பூரில் ஆண்டு இறுதி மழைக்கு முன் அப்படிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். நவம்பரில் தொடங்கவே தொடங்காதீர்கள். நான் 2023 தீபாவளி முடிந்த கையோடு போட்டேன், பொங்கலுக்குள் பாதியைச் சுருட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் வயதானவரோ சின்னக் குழந்தையோ இருப்பார்கள் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு அவசரம் வராது. எங்கள் வீட்டில் மாமா. பக்கவாதம் வந்த பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலேயே எத்தனை நாள் நடப்பது? பின்முற்றம் 18 அடிக்கு 14 அடி. இருந்த புல் சுவர் நிழலில் செத்துப்போய், மழை பெய்தால் வெறும் சிவப்புக் களி, கால் வைத்தால் வழுக்கும். செயற்கைப் புல் போட்டால் வெளியே வந்து நாலு எட்டு நடப்பாரே என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

வந்த கான்ட்ராக்டர் களிமண்ணைச் சும்மா சீவிவிட்டு, அதன்மேல் ஓர் அங்குலம் மணல் கொட்டி, புல்லை விரித்து ஓரத்தில் ஆணி அடித்துவிட்டார். ஒரே நாளில் வேலை முடிந்தது, 1,800 வெள்ளி. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "அக்கா, அடியில ஓட்டை இருக்கு, எல்லாம் இறங்கிடும்" என்றார். ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனால் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் அதற்குக் கீழே எங்கே இறங்கும்? களிமண் தண்ணீரை உள்ளே விடாது. மணல் முழுக்க ஊறி, அதற்கு அடியில் களி பிசைந்த மாவு மாதிரி இளகி, டிசம்பர் மூன்றாம் வாரம் மாமாவின் வாக்கர் கால் ஒரு பக்கமாக உள்ளே இறங்கியது. நான் பக்கத்தில் நின்றதால் பிடித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்கும். சுவரோரம் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி நாற்றம் வேறு, ஒரு நாள் பார்த்தால் கொசுப்புழு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் புழு கொசுவாகிப் பறந்துவிடும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் புல் வளராது, முற்றம் சேறாகும், மண்ணில் உள்ள தண்ணீர் உறைந்து தரையைத் தூக்கிவிடும், அதற்கு முன் அடித்தளம் போட்டு இறுக்கிவிடப் பார்க்கிறார்கள். நமக்கு உறைபனி இல்லை. நமக்கு இருப்பது வடகிழக்குப் பருவமழை, டிசம்பர்தான் ஆண்டிலேயே அதிகம் மழை பெய்யும் மாதம். ஈரக் களிமண்ணை இறுக்க முடியாது, இயந்திரம் வைத்தால் ஆடும், பிதுங்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த கான்ட்ராக்டரைக் குறை சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் "சார் இருக்காங்களா, சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றே பதில். பணம் கொடுத்தது நான், முற்றத்தை அளந்தது நான், மாமாவைத் தாங்கிப் பிடித்தது நான். என் கணவருக்கு அந்தப் புல் என்ன தடிமன் என்றுகூடத் தெரியாது. வீட்டு வேலை என்றால் பெண்ணிடம் தேநீர் மட்டும் வாங்கிக் குடிப்பது, கணக்கை ஆணிடம் பேசுவது என்ற பழக்கம் எப்போதுதான் போகும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதம் வேறொருவரை வைத்து முழுக்கத் திரும்பச் செய்தோம். முதலில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுநாள் காலையிலும் பாதிக் குழிக்கு மேல் தண்ணீர் அப்படியே நின்றது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லை. கீழே இறங்காத தண்ணீரைப் பக்கவாட்டில்தான் வெளியேற்ற வேண்டும். ஆறு அங்குலம் களியை எடுத்துவிட்டு, அந்தக் களித்தரையையே வடிகால் பக்கம் 14 அடிக்கு 2 அங்குலம் சரிவாக வெட்டினார்கள். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி. அது இல்லாவிட்டால் களி கல்லுக்குள் ஏறி இடுக்கை அடைத்துவிடும். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாய், அதற்கும் துணி சுற்றி, வாயை வீட்டு வடிகாலில் விட்டார்கள். பிறகு உடைத்த கிரானைட் கல்லைக் கொட்டி இரண்டு அடுக்காக இறுக்கி, கடைசியாகப் புல். எங்களுடையது வரிசையில் நடுவீடு, பின்பக்கம் வழி கிடையாது, 200 மூட்டைக்கு மேல் களிமண்ணைக் கூடத்து வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். 4,600 வெள்ளி ஆனது. விலை கேட்கும்போதே மண் அகற்றுவதும் சேர்த்தா என்று கேளுங்கள், பலர் அதைச் சொல்லவே மாட்டார்கள்.

பிளாஸ்டிக்கைப் போய் மண்ணில் போடலாமா, நிழலில் கௌ கிராஸ் என்ற இயற்கைப் புல்லை வைத்திருக்கலாமே என்று எழுத வருபவர்களுக்கு: வைத்தோம், இரண்டு முறை. வாக்கர் கால் பதியாத சமதரைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. வெயிலில் சூடாகும் என்பதும் உண்மை, மதியம் வெறுங்காலில் மிதிக்க முடியாது, அதனால் மாமா ஆறு மணிக்கு மேல்தான் வருவார். நான் பொறியாளர் இல்லை, என் முற்றத்தில் நடந்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

2025 ஜனவரி 10, 11 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும், சாங்கியில் ஒரு மாதத்துக்கான சராசரி மழைக்கும் மேல் அந்த இரண்டு நாளிலேயே கொட்டியது. குடை பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். குழாய் வாயில் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது, புல்மேல் ஒரு குட்டைகூட இல்லை.

நீங்கள் ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் அடிக்கும் மழை அப்போதும் உண்டு, தோண்டிய இடத்தை ராத்திரி கான்வாஸ் போட்டு மூடச் சொல்லுங்கள். அப்புறம், துணியையும் குழாயையும் கல் கொட்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.